மாணவர் தட்டுக்கு மானாவாரித் தானியம்
பள்ளி, விடுதிச் சமையற்கூடங்களை நம்பி ஓர் ஏக்கர் வரகு

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் மழையை நம்பிய சாகுபடியே பெரும்பகுதி. ஒரு காலத்தில் இங்குள்ள கரிசலிலும் செம்மண்ணிலும் வரகு, கம்பு, சோளம், கேழ்வரகு ஆகியவையே வீட்டுச் சாப்பாட்டுக்கு விளைந்தன. பின்னர் பருத்தி வந்தது. அதையடுத்து மக்காச்சோளம் வந்து பெருமளவு நிலத்தைப் பிடித்துக் கொண்டது. இந்த மக்காச்சோளம் கோழித் தீவனமாக நாமக்கல் பக்கம் போகிறது. அங்கே அது முட்டையாகி, சத்துணவுக் கூடம் வழியாக நம் ஊர்ப் பிள்ளைகளின் தட்டுக்குத் திரும்பி வருகிறது.

முட்டை நல்ல உணவுதான். ஆனால் நம் நிலத்தில் விளையும் தானியம் இத்தனை தூரம் சுற்றாமலே பிள்ளைகளுக்கு நேராகப் போய்ச் சேர வழி இருக்கிறது. அதற்கு அரசின் உத்தரவிலேயே இடம் உண்டு. இதைச் சிறு விவசாயிகள் அறிந்து கொள்வது அவசியம்.

பள்ளிச் சாப்பாடு வந்த வழி

பசியோடு இருக்கும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதைத் தமிழகம் வெகு காலத்துக்கு முன்பே உணர்ந்தது. 1920-ம் ஆண்டில் பி. தியாகராய செட்டியார் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மாணவர்களுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானித்தது. காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது 1956-ல் மதிய உணவுத் திட்டம் மாநிலம் முழுவதற்கும் வந்தது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982 ஜூலை 1-ல், திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டம் தொடங்கப் பெற்றது. அப்போது பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டத்தைச் சேர்ந்தவையாகவே இருந்தன. 1984-ல் இத்திட்டம் பத்தாம் வகுப்பு வரை விரிந்தது.

மதிய உணவு வந்த பின்னரும் காலைப் பசி தீராமல் இருந்தது. அதற்காக முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்டு 25 முதல் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும், 2024 ஜூலை முதல் ஊரகப் பகுதி அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் அது வந்து சேர்ந்தது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று கொடுக்கப்படுகிறது. கிராமங்களில் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் சமைக்கிறார்கள்.

இந்தத் திட்டத்தின் 2022-ம் ஆண்டு அரசாணையில் விவசாயிகள் கவனிக்க வேண்டிய பகுதி ஒன்று இருக்கிறது. ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்கு 50 கிராம் அரிசி, ரவை, சேமியா அல்லது உள்ளூரில் விளையும் சிறுதானியம், அதனுடன் சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு, உள்ளூர்க் காய்கறிகள் என்று அதில் அளவு தரப்பட்டுள்ளது. வாரத்தில் இரண்டு நாளாவது அந்தந்த இடத்தில் விளையும் சிறுதானியத்தில் சிற்றுண்டி செய்து கொடுக்கலாம் என்றும் கூறப்பட்டுள்ளது. உத்தரவில் இடமிருந்தும், சுத்தமான தானியம் தவறாமல் கிடைக்காவிட்டால் சமைப்பவர்கள் கடை ரவையைத்தான் நாடுவார்கள்.

பத்தாம் வகுப்புக்கு மேல்

காலை உணவு ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. சத்துணவு பத்தாம் வகுப்போடு முடிகிறது. அதற்கு மேல் படிக்கும் பிள்ளை வீட்டிலிருந்து கட்டிக் கொண்டு போனால் உண்டு. கல்லூரிக்குப் போகும் கிராமத்துப் பிள்ளைகள் பலர் முதல் பேருந்தைப் பிடிக்க விடியலிலேயே வீட்டை விட்டுக் கிளம்புகிறார்கள். களை எடுக்கும் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் தாயும் அதே நேரத்துக்கு வேலைக்குப் போக வேண்டியிருப்பதால் வீட்டில் அடுப்பு மூட்ட நேரமிருப்பதில்லை. பேருந்து நிலையத்தில் ஒரு டீயும் பன்னும் சாப்பிட்டு விட்டு மதியம் வரை வகுப்பில் உட்கார்ந்திருப்பதே வழக்கமாகி விடுகிறது.

அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 முதலும், மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 முதலும் மாதம் 1,000 ரூபாய் வழங்கப்படுகிறது. ஒரு நாளைக்கு 33 ரூபாய் ஆகிறது. புத்தகம், பயணச் செலவு போக அதில் சாப்பாட்டுக்கு மிஞ்சுவது சொற்பமே.

அரசு விடுதிகளில் தங்கிப் படிப்பவர்களுக்கு மூன்று வேளை உணவு உண்டு. 2023-ல் இதற்கான உணவுக் கட்டணம் பள்ளி விடுதி மாணவருக்கு மாதம் 1,400 ரூபாயாகவும், கல்லூரி விடுதி மாணவருக்கு 1,500 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. 1,500 ரூபாயை 30 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 50 ரூபாய். காய்கறி விலை ஏறும் மாதங்களில் குழம்பில் தண்ணீர் கூடுவதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான். குறைந்த செலவில் சத்துள்ள பொருளைப் பக்கத்து வயலிலிருந்து கொண்டு வர முடியுமானால் பிள்ளைக்கும் நன்மை, விவசாயிக்கும் நன்மை.

எதில் என்ன சத்து?

தீட்டிய அரிசியில் 100 கிராமுக்கு 7 கிராம் அளவுக்குத்தான் புரதம் உண்டு. சுண்ணாம்புச் சத்து 10 மில்லிகிராம் அளவே. கம்பில் புரதம் ஏறத்தாழ 11 கிராம். இரும்புச் சத்தும் அரிசியை விடப் பல மடங்கு. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து 340 மில்லிகிராமுக்கு மேல். வரகிலும் குதிரைவாலியிலும் நார்ச்சத்து அதிகம். பசி அடங்கி நெடுநேரம் நிற்கும். கொள்ளில் புரதம் ஏறத்தாழ 22 கிராம், நிலக்கடலையில் 24 கிராம். முருங்கைக் கீரையில் சுண்ணாம்புச் சத்து 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது.

இவை எல்லாமே இவ்விரு மாவட்டங்களிலும் விளையக் கூடியவை. தானியம், பருப்பு, கீரை மூன்றும் சேர்ந்தால்தான் சாப்பாடு நிறைவாகும். வரகுச் சோறு மட்டும் போட்டுவிட்டுச் சத்துணவு என்று சொல்லக் கூடாது.

ஒரு பள்ளிக்கு எவ்வளவு தேவை?

கணக்குக்காக, 60 பிள்ளைகள் படிக்கும் ஒரு தொடக்கப் பள்ளியை எடுத்துக் கொள்ளலாம். ஒரு பிள்ளைக்கு 50 கிராம் வீதம் ஒரு வேளைக்கு 3 கிலோ. வாரம் இரண்டு நாள் என்றால் 6 கிலோ. ஆண்டில் 40 வாரம் பள்ளி நடப்பதாகக் கொண்டால் 240 கிலோ வரகரிசி தேவை. 100 கிலோ வரகைக் குத்தினால் ஏறத்தாழ 60 கிலோ அரிசி தேறும். ஆகவே 240 கிலோ அரிசிக்கு 400 கிலோ வரகு வேண்டும்.

மானாவாரியில் நல்ல முறையில் செய்தால் ஏக்கருக்கு 500 முதல் 700 கிலோ வரகு எடுக்கலாம். அதாவது ஓர் ஏக்கர் வரகு, ஒரு கிராமத்துப் பள்ளிக்கு ஆண்டு முழுவதும் வாரம் இரண்டு நாள் காலைச் சிற்றுண்டி கொடுத்து, விவசாயியின் வீட்டுக்கும் மிஞ்சும். நூறு பேர் தங்கும் கல்லூரி விடுதியில் வாரம் ஒரு வேளை, ஆளுக்கு 100 கிராம் வீதம் சமைப்பதற்கு ஆண்டுக்கு 400 கிலோ அரிசி, அதாவது சுமார் 670 கிலோ வரகு போதுமானது.

சாகுபடி முறை

வரகுக்குக் கோ 3, அத்தியந்தல் 1 ஆகிய ரகங்கள் ஏற்றவை. வயது ஏறத்தாழ நான்கு மாதம். குறைந்த நாளில் அறுக்க விரும்புகிறவர்கள் குதிரைவாலி போடலாம்; கோ (கேவி) 2, எம்.டி.யு. 1 ஆகியவை மூன்று மாதம் சற்று முன்பின்னாக வந்துவிடும்.

கோடை மழையில் ஒரு சால் உழுது வைத்து, பருவமழை பெய்தவுடன் தாமதமின்றி விதைக்க வேண்டும். பிந்தி விதைத்தால் குருத்து ஈ தாக்கும். வரிசை விதைப்புக்கு ஏக்கருக்கு 4 கிலோ விதை போதும். வரிசைக்கு வரிசை 45 சென்டிமீட்டரும், செடிக்குச் செடி 10 சென்டிமீட்டரும் இடைவெளி விடலாம். கரிப்பூட்டை நோயைத் தடுக்கக் கிலோ விதைக்கு 2 கிராம் கார்பன்டாசிம் கலந்து நேர்த்தி செய்வது நல்லது.

அடியுரமாக ஏக்கருக்கு 5 டன் மக்கிய தொழு உரம் இட வேண்டும். ரசாயன உரம் இடுவோர் ஏக்கருக்குத் தழைச்சத்து 18 கிலோ, மணிச்சத்து 9 கிலோ கிடைக்கும்படி, சுமார் 38 கிலோ யூரியாவும் 55 கிலோ சூப்பர் பாஸ்பேட்டும் இட்டால் போதுமானது. விதைத்த மூன்றாம் வாரத்துக்குள் களை எடுத்துப் பயிரைக் கலைத்து விட வேண்டும்.

வரகைத் தனிப்பயிராக விடாமல் எட்டு வரிசைக்கு இரண்டு வரிசை துவரை போடுவது சிறந்தது. வரகு அறுத்த பின் துவரை தனியே நின்று காய்க்கும். சாம்பாருக்கு வேண்டிய பருப்பும் அதே நிலத்தில் கிடைத்துவிடும்.

நனைந்த வரகு வேண்டாம்

வரகில் ஓர் ஆபத்து உண்டு. பிள்ளைகளுக்குக் கொடுக்கும் தானியம் என்பதால் இதை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். முற்றிய கதிர் மழையில் நனைந்தாலும், அறுத்த தானியம் ஈரத்தோடு குவிந்து கிடந்தாலும் அதில் பூசணம் பிடிக்கும். அந்தப் பூசணம் சைக்ளோபியாசோனிக் அமிலம் என்னும் நச்சை உண்டாக்கும். அத்தகைய வரகைத் தின்றால் தலைசுற்றல், வாந்தி, நடுக்கம் உண்டாகும். 2024 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்துப் பாந்தவ்கர் காட்டுப் பகுதியில் வரகு வயலில் மேய்ந்த 10 யானைகள் இறந்தன. அவற்றின் உடலில் இந்த நச்சு இருந்தது சோதனையில் தெரிந்தது.

ஆகவே கதிர் முற்றியதும் நாள் கடத்தாமல் அறுக்க வேண்டும். களத்தில் தார்ப்பாய் விரித்துக் காயவைத்து, ஈரப்பதம் 12 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகே மூட்டை பிடிக்க வேண்டும். மூட்டைகளைத் தரையில் போடாமல் பலகை மேல் அடுக்க வேண்டும். நனைந்த வரகையும், கறுத்துப் பூசண வாடை அடிக்கும் வரகையும் பள்ளிக்கோ விடுதிக்கோ கொடுக்கக் கூடாது. நல்ல வரகோடு கலந்து தள்ளிவிடவும் கூடாது. சமைத்தால் சரியாகிவிடும் என்று நம்பி மாட்டுக்கும் வைக்கக் கூடாது. நஷ்டமென்றாலும் அழித்து விடுவதே முறை. ஒரு பள்ளியில் பிள்ளைகள் மயங்கி விழுந்தால், அந்த வட்டாரத்தில் சிறுதானியத்தை அதன் பிறகு யாரும் சமையற்கூடத்துக்குள் விட மாட்டார்கள்.

குத்துவதும் சலிப்பதும்

வரகு வழக்கொழிந்ததற்கு விளைச்சல் குறைவு மட்டும் காரணமல்ல. அதன் உமி பல அடுக்காக, கெட்டியாக இருக்கும். திருகையிலும் உரலிலும் இட்டுக் குத்திய பெண்களுக்குத்தான் அதன் பாடு தெரியும். இப்போது சிறுதானியம் உமி நீக்கும் இயந்திரமும் கல் பிரிக்கும் இயந்திரமும் வந்துவிட்டன. ஒரு விவசாயி தனியாக வாங்குவது கட்டாது. உழவர் உற்பத்தியாளர் குழுவோ, மகளிர் குழுவோ சேர்ந்து வாங்கினால், அல்லது ஏற்கெனவே வைத்திருக்கும் குழுவிடம் கூலிக்கு அரைத்துக் கொண்டால் கட்டுப்படியாகும்.

உமி நீக்கிய அரிசியை நெடுநாள் வைத்தால் சிக்கு வாடை அடிக்கும், வண்டும் விழும். வரகாக இருப்பு வைத்துக் கொண்டு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை வேண்டிய அளவு மட்டும் குத்திக் கொடுப்பது நல்லது. கம்பு மாவு சில நாளிலேயே கசந்து போகும் என்பதால் அதை அவ்வப்போது திரிக்க வேண்டும். கல்லும் உமியும் இல்லாமல் சலித்துக் கொடுப்பது முக்கியம். ஒரு பிள்ளை கல்லைக் கடித்துவிட்டால் மறுநாள் ரவைதான் வேகும். அரிசியாக்கி விற்பவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து கொள்வதும் அவசியம்.

கட்டுப்படியாகுமா?

பள்ளிக்கும் விடுதிக்கும் அரிசி அரசு வழியாக வருவதால், விலையில் அரிசியோடு வரகு போட்டி போட முடியாது. விலை கொடுத்து வாங்கும் ரவை, சேமியாவின் இடத்தைத்தான் அது பிடிக்க வேண்டும்.

உதாரணமாக, கிலோ வரகு 30 ரூபாய் என்று வைத்துக் கொண்டால், நூற்றுக்கு அறுபது தேறும் கணக்கில் ஒரு கிலோ வரகரிசிக்கு 50 ரூபாய் விழும். அரவைக் கூலி, சலிப்புக் கூலி, ஏற்றுகூலி 8 ரூபாய் சேர்த்தால் 58 ரூபாய். ஒரு பிள்ளைக்கு 50 கிராமுக்கு 2 ரூபாய் 90 காசு. ரவை கிலோ 50 ரூபாய் என்றால் 2 ரூபாய் 50 காசு. வித்தியாசம் 40 காசு. அறுபது பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 24 ரூபாய். 80 நாளைக்கு 1,920 ரூபாய். விலைகளை அவரவர் ஊர் நிலவரத்துக்குத் தக்கபடி மாற்றிப் போட்டுப் பார்த்துக் கொள்ளலாம். ஒரு கிராமத்துப் பள்ளிக்கு ஆண்டு முழுவதற்கும் ஆகும் கூடுதல் செலவு இவ்வளவுதான். கடையில் வரகரிசி விலை மிக அதிகமாக இருப்பதற்கு இடையில் பல கைகள் மாறுவதும் ஒரு காரணம்.

விவசாயியின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். மழை நன்றாகப் பெய்து விலையும் நிற்கும் ஆண்டில் மக்காச்சோளம் தரும் வருமானத்தை வரகு தராது. அதே சமயம் 2018-ல் படைப்புழு இறங்கியபோது இவ்விரு மாவட்டங்களிலும் மக்காச்சோளம் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க முடியாது. வரகுக்கு விதைச் செலவு, மருந்துச் செலவு சொற்பம், வறட்சியையும் தாங்கும். ஆகவே இருக்கும் நிலம் முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. மூன்று ஏக்கர் உள்ளவர் ஓர் ஏக்கரை மட்டும் ஒதுக்குவது புத்திசாலித்தனம். வாங்குவோர் உறுதி செய்த பிறகு விதைப்பது இன்னும் நல்லது.

வெங்காயமும் கீரையும்

பள்ளிச் சாம்பாருக்கும் விடுதிக் குழம்புக்கும் காய்கறி அன்றாடம் வேண்டும். அதைப் பெரும்பாலும் உள்ளூரிலேயே வாங்குகிறார்கள். பெரம்பலூர் வட்டாரத்துச் சின்ன வெங்காயத்துக்கு ஊரறிந்த பெயர் உண்டு. ஆனால் அறுவடை நேரத்தில் விலை விழுவது வாடிக்கை. பட்டறை போட்டு இருப்பு வைக்கும் விவசாயிகள், அதில் ஒரு பங்கை விடுதிகளுக்கு வாரம் ஒருமுறை ஒரே விலைக்குக் கொடுப்பதாகப் பேசிக் கொள்ளலாம். ஏறும் போதும் இறங்கும் போதும் விலை மாறாமல் இருப்பது இரு தரப்புக்கும் ஆதாயம்.

கிணற்று நீர் உள்ளவர்கள் ஐந்து சென்டில் வெண்டை, கத்தரி, கொத்தவரை, கீரை என்று முறை வைத்து விதைக்கலாம். வரப்போரம் பத்து முருங்கை நட்டால் கீரைக்குப் பஞ்சமிராது. விதை மூலம் வளரும் பி.கே.எம். 1 ரகம் ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்கும். கீரைக்காக வளர்ப்பதானால் உயரவிடாமல் கிள்ளி விட வேண்டும். மருந்து தெளித்த காயைக் குறிப்பிட்ட நாள் கழியாமல் பறித்துக் கொடுக்கக் கூடாது.

சமைக்கும் முறை

புதிய உணவை ஒரே நாளில் புகுத்தினால் பிள்ளைகள் ஒதுக்கி வைத்து விடுவார்கள். தட்டில் மிஞ்சிக் குப்பைக்குப் போகும் சோறு எத்தனை மலிவானாலும் நஷ்டமே. முதலில் பச்சரிசி மூன்று பங்கு, வரகரிசி ஒரு பங்கு என்று கலந்து பொங்கலாகச் செய்யலாம். பழகிய பின் பாதிக்குப் பாதி ஆக்கலாம். அரை மணி நேரம் ஊறவைத்து, ஒரு பங்குக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு தண்ணீர் விட்டு வேகவைத்தால் குழையாமல் பதமாக வரும். ஊறிய தானியம் விரைவில் வேகும் என்பதால் எரிவாயுவும் மிச்சமாகும். ஆறினால் இறுகிவிடும், ஆகவே சூட்டோடு பரிமாற வேண்டும்.

கல்லூரி விடுதிகள் பலவற்றில் மொத்தச் செலவை மாணவர் எண்ணிக்கைக்கு வகுத்துக் கட்டணம் வாங்கும் டிவைடிங் முறை நடக்கிறது. அங்கே குறையும் ஒவ்வொரு ரூபாயும் மாணவரின் வீட்டுக்கே மிச்சம். பணம் அனுப்பும் தகப்பனாரும் பெரும்பாலும் ஒரு விவசாயிதான்.

வெளிநாட்டு அனுபவம்

பிரேசில் நாட்டில் 2009-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று, பள்ளி உணவுக்கு மத்திய அரசு தரும் பணத்தில் குறைந்தது 30 சதவீதத்துக்குச் சிறு குடும்ப விவசாயிகளிடமிருந்தே பொருள் வாங்க வேண்டும் என்று விதித்தது. அங்கே பள்ளிகளே சிறு விவசாயிகளுக்கு ஒரு நிலையான சந்தையாயின. கர்நாடகத்தில் 2024 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் மூன்று நாள் பாலோடு ராகி மால்ட் கொடுக்கப்படுகிறது. இங்கேயும் அரசாணையில் வழி இருக்கிறது. தேவை, கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் தேடிப் போவதே.

என்ன செய்யலாம்?

ஒரு கிராமத்தில் நான்கைந்து விவசாயிகள் சேர்ந்து ஆளுக்கு அரை ஏக்கர், ஓர் ஏக்கர் என்று பேசிக் கொள்ள வேண்டும். ஒருவர் வயலில் மழை பொய்த்தாலும் மற்றவர் வயல் கைகொடுக்கும். விதைப்புக்கு முன்பே காலை உணவு சமைக்கும் மகளிர் குழு, ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு, வட்டார வளர்ச்சி அலுவலர் ஆகியோரைச் சந்தித்துக் கேட்க வேண்டும். விடுதிக்கென்றால் விடுதிக் காப்பாளரைப் பார்க்க வேண்டும். முடிவு அவர்கள் கையில் இருந்தாலும், ஐந்து கிலோ சுத்தமான வரகரிசியைக் கையோடு கொண்டு போய் ஒரு வேளை சமைத்துப் பார்க்கச் சொன்னால் பேச்சு எளிதாகும்.

விதைக்கும் சாகுபடி யோசனைக்கும் பெரம்பலூர் மாவட்ட விவசாயிகள் வாலிகண்டபுரத்திலுள்ள ரோவர் வேளாண் அறிவியல் மையத்தையும், அரியலூர் மாவட்ட விவசாயிகள் சோழமாதேவியிலுள்ள கிரீடு வேளாண் அறிவியல் மையத்தையும் அல்லது அந்தந்த வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தையும் அணுகலாம்.

ஆடிப் பட்டத்துக்கு நிலத்தைத் தயார் செய்யும்போதே ஓர் ஏக்கரை இதற்கென ஒதுக்கி வைத்தால், தை பிறந்து பள்ளி திறக்கும்போது அந்த வரகு சமையற்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அதைச் சாப்பிடப் போவது விதைத்தவரின் பிள்ளையாகவோ, பக்கத்து வீட்டுப் பிள்ளையாகவோ இருக்கும் என்பதை நினைவில் வைத்து, நன்றாகக் காய்ந்த, சுத்தமான தானியத்தையே கொடுக்க வேண்டும்.